காலையில் கேட்கும் ஆல்ட்+2, பிற்பகலில் ஏன் கேட்பதில்லை?

இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துத் தட்டச்சும் செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற ஆல்ட்+2 என்ற குறுக்குவிசை இருக்கிறது. மூன்று வாரமாக அது காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் நின்றுவிடுகிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் மென்பொருளின் சின்னம் இருந்தபடியே இருக்க, அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. கணினியை மறுபடி தொடக்கினால் சரியாகிவிடுகிறது. இதைத் தவிர, மின்கையொப்பக் கருவியுடன் வந்த ஒரு படிவ மென்பொருளில் மட்டும் அந்தக் குறுக்குவிசை எந்த வேளையிலும் வேலை செய்ததே இல்லை. புதிய விசைப்பலகை வாங்கி மாட்டினார், தட்டச்சு மென்பொருளை இரண்டு முறை நீக்கி மீண்டும் நிறுவினார், இரண்டாலும் பயனில்லை. கணினியில் இருப்பது விண்டோஸ் 10, நினைவகம் 4 ஜிபி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்க வருபவர்கள் வரிசையில் நிற்கும்போது இப்படி ஆவதால், விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா என்பது அவருடைய கேள்வி.

வேண்டாம், தம்பி. அரை நாள் வேலை கெடும், கோப்புகளுக்கு ஆபத்து, அத்தனைக்கும் பிறகு நான்காம் நாள் பிற்பகலில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு குறுக்குவிசை எப்போதுமே வேலை செய்யவில்லையென்றால் அதற்கு ஒரு வகைக் காரணம்; ஒரு வேளையில் வேலை செய்து இன்னொரு வேளையில் நின்றால் வேறொரு வகை; எல்லா இடத்திலும் வேலை செய்து ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் நின்றால் மூன்றாவது வகை. உங்களிடம் இருப்பவை இரண்டாவதும் மூன்றாவதும். அவற்றை ஒரே கோளாறு என்று எண்ணி ஒரே மருந்தைத் தேடியதால்தான் மூன்று வாரம் போயிருக்கிறது.

குறுக்குவிசை என்பது விரலிலிருந்து நேரே மென்பொருளுக்குப் போய்விடுவதில்லை. நீங்கள் விசையை அழுத்தியதும், எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை விசைப்பலகைக்குள் இருக்கும் சிறு சில்லு கம்பி வழியே அனுப்புகிறது. விண்டோஸின் இயக்கி (டிரைவர்) அதை வாங்கி, நடப்பில் உள்ள மொழி அமைப்புக்கு ஏற்ப ஒரு விசைக்குறியீடாக மாற்றுகிறது. அதன் பிறகு, 'எந்த விசை அழுத்தப்பட்டாலும் முதலில் என்னிடம் காட்டு' என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும் மென்பொருள்களிடம் அது ஒவ்வொன்றாகக் காட்டப்படுகிறது. அவை விட்டு வைத்தால், 'இந்தக் கூட்டுவிசை எனக்கு' என்று பதிவு செய்திருப்பவர் யாராவது உண்டா என்று விண்டோஸ் பார்க்கிறது. அங்கும் தப்பித்தால்தான் திரையில் முன்னால் இருக்கும் சாளரத்துக்கு அது போய்ச் சேருகிறது. வலை கிழிந்தால் நம் கடற்கரையில் யாரும் முழு வலையையும் தூக்கிப் போடுவதில்லை; மணலில் விரித்து, எந்தக் கண் அறுந்தது என்று கண்ட பிறகுதான் ஊசியை எடுக்கிறார்கள். இங்கேயும் விசை எந்தக் கட்டத்தில் தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஐந்து நிமிடம்.

பெரிய காரணங்களுக்குப் போகும் முன், சொன்னால் சிரிப்பீர்கள் என்றாலும், இரண்டு சின்ன விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, எந்த '2' என்பது. எழுத்துகளுக்கு மேல் வரிசையில் இருக்கும் 2-உம், வலப்பக்க எண்பலகையில் இருக்கும் 2-உம் நமக்கு ஒன்றுதான். விண்டோஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு விசைகள், இரண்டு வெவ்வேறு குறியீடுகள். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்பலகையின் 2-ஐ அழுத்தினால் மொழி மாறாது. பல மென்பொருள்களில் சிரிக்கும் கறுப்பு முகம் ஒன்று வந்து உட்காரும், ஏனென்றால் அது எண்ணைக் கொடுத்து எழுத்தை வரவழைக்கும் பழைய முறை. பல ஆண்டுகளுக்கு முன் கீழக்கரையில் ஒரு கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து விண்டோஸை அழித்து நிறுவி முடித்த பிறகுதான், கணக்கு எழுதிப் பழகிய அந்தக் கடைக்காரரின் வலக்கை எண்பலகையை விட்டு நகர்வதே இல்லை என்பதைக் கவனித்தேன். அந்த இரண்டு நாளுக்கும் நான் கூலி வாங்கவில்லை. 'அழித்து நிறுவலாமா' என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் அந்தக் கடைதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது, எந்த 'ஆல்ட்' என்பது. இடப்பக்க ஆல்ட்டும் வலப்பக்க ஆல்ட்டும் எல்லா மொழி அமைப்பிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 'ஆங்கிலம் (இந்தியா)' விசைப்பலகை நடப்பில் இருந்தால், வலப்பக்க ஆல்ட் தனி ஆல்ட்டாக இல்லாமல் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகக் கணக்காகும். ரூபாய்க் குறியை வலப்பக்க ஆல்ட்டும் 4-உம் சேர்த்து அடிப்பது இந்த வசதியால்தான். அந்த நிலையில் வலப்பக்க ஆல்ட்டோடு 2-ஐ அழுத்தினால், தட்டச்சு மென்பொருளுக்கு அது ஆல்ட்+2 ஆகத் தெரியாது. வேர்டில் கண்ட்ரோல்+ஆல்ட்+2 என்பது இரண்டாம் நிலைத் தலைப்புக்கான குறுக்குவிசை. ஆகவே, தமிழ் வராமல் எழுதிய வரி திடீரென்று பெரிதாகி நிறம் மாறுகிறது என்று யாராவது சொன்னால், கணினியைத் திறக்காமலே அவர் எந்தக் கையால் அழுத்துகிறார் என்று சொல்லிவிடலாம். உங்களுக்குக் காலையில் வேலை செய்கிறது என்பதால் இந்த இரண்டும் முதன்மைக் காரணமாக இருக்காது. ஆனால் பிற்பகலில் கடையில் வேறொருவர் உட்காருகிறாரா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

விண்டோஸில் உடல் இயலாதவர்களுக்காக வைத்திருக்கும் வசதிகள் தற்செயலாக இயங்கிவிடுவதும் உண்டு. வலப்பக்க ஷிப்ட்டை எட்டு வினாடி பிடித்துக்கொண்டிருந்தால் 'ஃபில்டர் கீஸ்' இயங்கிவிடும். அதன் பிறகு, அமைப்பைப் பொறுத்து, சட்டென்று தட்டும் விசைகளைக் கணினி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மெதுவாக அடிப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும், வேகமாக அடிப்பவருக்கு மட்டும் விசைகள் தொலையும். ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் வருவது 'ஸ்டிக்கி கீஸ்'. ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு எட்டிப் போகும்போது முழங்கையோ, கோப்புக் கட்டோ விசைப்பலகையின் மேல் அமர்வது நடக்கக்கூடியதுதான். அமைப்புகளில் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' பகுதியில் விசைப்பலகைக்குரிய பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் அணைத்து, அவற்றை இயக்கும் குறுக்குவழியையும் சேர்த்தே அணைத்துவிடுங்கள். கூடவே ஒரு பழக்கம்: குறுக்குவிசை எதுவும் கேட்கவில்லையென்றால், இரண்டு பக்க ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் அனைத்தையும் ஒவ்வொரு முறை தட்டி விடுங்கள். கையெடுத்த செய்தி கணினிக்குப் போய்ச் சேராமல் ஏதோ ஒரு விசை இன்னும் அழுந்தியே இருப்பதாக அது எண்ணிக்கொண்டிருந்தால், அந்தத் தட்டலோடு தெளிந்துவிடும்.

இனி உங்கள் பிற்பகல் கோளாறு. நீங்கள் சொல்லும் அடையாளங்களை, அதாவது சின்னம் இருக்கிறது, பிழைச்செய்தி இல்லை, மறுபடி தொடக்கினால் சரியாகிறது, நினைவகம் குறைவு என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எனக்கு முதலில் தோன்றும் காரணம் ஒன்றுதான்: உங்கள் தட்டச்சு மென்பொருளின் காதை விண்டோஸ் சத்தமில்லாமல் அறுத்துவிடுகிறது.

ஆங்கில விசையை வாங்கித் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் தனி மென்பொருள்களில் பலவும், எந்தச் சாளரத்தில் எந்த விசை அழுத்தப்பட்டாலும் அதை முதலில் தாங்கள் பார்க்கும்படி ஒரு கொக்கியை மாட்டி வைக்கின்றன. ஆங்கிலத்திலும் அதன் பெயர் 'ஹுக்' என்பதுதான். இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லை உண்டு. கொக்கியில் சிக்கிய விசையை அந்த மென்பொருள் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த விசை மேலே நகராது. மென்பொருள் தூங்கிவிட்டால் கணினி முழுவதிலும் தட்டச்சே நின்றுபோகும். அதைத் தடுக்க விண்டோஸ் ஒரு கெடு வைத்திருக்கிறது. கெடுவுக்குள் பதில் வரவில்லையென்றால், விண்டோஸ் 7 முதற்கொண்டு, அந்தக் கொக்கியையே கழற்றி எறிந்துவிடுகிறது. கழற்றியதை யாருக்கும் சொல்வதில்லை. தன் கொக்கி போய்விட்டது என்பதை அந்த மென்பொருளே தெரிந்துகொள்ள வழியில்லை என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. அதனால்தான் சின்னம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்குக் காது கேட்பதில்லை.

ஏன் பிற்பகலில்? காலையில் கணினி வெறுமையாக இருக்கிறது. மணி ஆக ஆக உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்கள் திறந்து கிடக்கும், ஸ்கேன் செய்த படங்கள் குவிந்திருக்கும், அச்சுக்குக் கொடுத்த பெரிய கோப்புகள் வரிசையில் நிற்கும், அந்த நேரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருளும் வட்டைத் துருவத் தொடங்கும். 4 ஜிபி நினைவகம் நிரம்பிவிட்டால், அப்போதைக்குப் பயன்படாதவை என்று தோன்றுபவற்றை விண்டோஸ் வட்டுக்குத் தள்ளி வைக்கும். அரை மணி நேரம் நீங்கள் தமிழ் அடிக்காமல் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், தள்ளப்படுபவற்றில் உங்கள் தட்டச்சு மென்பொருளும் ஒன்றாக இருக்கலாம். பிறகு நீங்கள் முதல் விசையை அழுத்தும்போது அது வட்டிலிருந்து எழுந்து வர வேண்டும். சுழலும் பழைய வகை வட்டாக இருந்தால் அந்தச் சில நூறு மில்லிவினாடியில் கெடு முடிந்துவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் நிவாரணப் படிவங்களுக்காகக் கடைகளில் கூட்டம் கூடும்போது இதே குறையைச் சொல்லி எனக்கு அழைப்புகள் கூடுவது வழக்கம். வெயிலால் கணினி கெடுகிறது என்பார்கள். பெரும்பாலும் வேலைச்சுமைதான்.

இது ஊகம் என்று விட்டுவிட வேண்டாம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை குறுக்குவிசை நின்றதும் கணினியை மறுபடி தொடக்காதீர்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தின் மேல் வலச்சொடுக்கி, தட்டச்சு மென்பொருளை மட்டும் மூடிவிட்டு மீண்டும் திறங்கள். உடனே வேலை செய்தால் காரணம் இதுவேதான் என்று பெரும்பாலும் கொள்ளலாம், ஏனென்றால் திறக்கும்போது அது புதிய கொக்கியை மாட்டிக்கொள்கிறது. மூடித் திறந்தும் வேலை செய்யவில்லையென்றால் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். சின்னத்தைச் சொடுக்கித் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதும் பயன்படும்: சின்னம் தமிழுக்கு மாறி, அடிக்கும்போது மட்டும் ஆங்கிலமே வந்தால், குற்றம் ஆல்ட்+2-இல் இல்லை, கொக்கி போய்விட்டது என்பது உறுதியாகிறது.

மருந்தில் நிலையானது நினைவகத்தை 8 ஜிபி ஆக்குவதும், சுழலும் வட்டு இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுவதும்தான். புதிய விசைப்பலகைக்குச் செலவழித்ததை இதற்குச் செலவழித்திருக்கலாம் என்று சொல்ல மனம் வரவில்லை என்றாலும் உண்மை அதுதான். செலவில்லாத வழிகளும் உண்டு. வைரஸ் தடுப்பு மென்பொருளின் முழுச்சோதனையைக் கடை மூடும் நேரத்துக்கு மாற்றி வையுங்கள். கணினி தொடங்கும்போது தானாகத் தொடங்கும் மென்பொருள்களைக் கண்ட்ரோல்+ஷிப்ட்+எஸ்கேப் அழுத்தி வரும் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் குறையுங்கள். அச்சுப்பொறியோடு வந்த மை விற்பனை அறிவிப்பு மென்பொருளால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) அந்தக் கெடுவைக் கூட்டலாம் என்று யாராவது சொல்லித் தரக்கூடும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல், எவ்வளவு எழுதினாலும் 1000 மில்லிவினாடிக்கு மேல் அது மதிக்கப்படுவதில்லை. பதிவகத்தில் கைவைக்கும் ஆபத்துக்கு ஈடான பலன் அதில் இல்லை என்பது என் கருத்து.

கொக்கியே தேவைப்படாத வழி ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு அது. அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து அந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். அது விண்டோஸின் சொந்த உறுப்பு என்பதால் இந்தக் கெடுத் தொல்லை அதற்கு இல்லை. ஆனால் தட்டச்சு நிலையத்தில் பழைய தட்டச்சுப்பொறி முறையில் தேர்வு எழுதி வந்தவரிடம், 'நாளை முதல் தமிழ்99-இல் அடியுங்கள்' என்று சொல்வது, வலக்கைக்காரரை இடக்கையால் எழுதச் சொல்வதைப் போன்றது. அத்தகையவர் தன் மென்பொருளையே வைத்துக்கொண்டு, நின்றால் மூடித் திறக்கும் பழக்கத்தைக் கைக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஏற்றது. மேசைத்திரையில் அதற்கொரு குறுக்குவழிச் சின்னத்தை வைத்துக்கொண்டால் பத்து வினாடி வேலை.

மூடித் திறந்தும் வேலை செய்யவில்லை என்றால் என்ன? அப்போது சந்தேகம் வேறொரு மென்பொருளின் மேல் திரும்ப வேண்டும். விண்டோஸில் ஒரு கூட்டுவிசையைக் கணினி முழுவதற்குமாக ஒரு மென்பொருள்தான் பதிவு செய்துகொள்ள முடியும். முதலில் வந்தவருக்கே இடம். அடுத்து வந்து கேட்பவருக்கு 'இல்லை' என்ற பதில்தான் போகும், அந்த மென்பொருளை எழுதியவர் அக்கறையுள்ளவராக இருந்தால் அதைத் திரையில் சொல்லுவார், பலர் சொல்வதில்லை. ஒரே கணினியில் ஒருநாள் வேலை செய்து மறுநாள் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணமாகலாம்: காலையில் இரண்டில் எது முந்தித் திறக்கிறது என்பது அன்றன்றைக்கு மாறும். கொக்கி மாட்டுபவர்களிடையே கதை தலைகீழ். கடைசியாக மாட்டியவருக்கே விசை முதலில் போகும், அவர் விழுங்கிவிட்டால் முன்னால் மாட்டியவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே பிற்பகலில் மட்டும் திறக்கப்படும் மென்பொருள் ஏதாவது உண்டா என்று பாருங்கள்: பள்ளி விட்டு வரும் பிள்ளை விளையாட்டைத் திறக்கிறானா, அதோடு திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் ஏதாவது எழுகிறதா, நீங்கள் அழைப்புக்காக வேறு செயலியைத் திறக்கிறீர்களா என்று. இந்த வகை மென்பொருள்களுக்கு ஆல்ட்டோடு எழுத்தையோ எண்ணையோ சேர்த்துத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் ஆசை அதிகம்.

யார் என்று தெரியவில்லையென்றால் பாதி பாதியாகத் தேடுங்கள். பின்னணியில் 16 மென்பொருள்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றில் எட்டை அணைத்துச் சோதியுங்கள். கோளாறு போய்விட்டால் குற்றவாளி அந்த எட்டுக்குள் இருக்கிறது, போகவில்லையென்றால் மற்ற எட்டுக்குள். எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், நான்காவது சோதனையில் ஆள் அகப்பட்டுவிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பதினைந்து முறைவரை மறுபடி தொடக்க வேண்டியிருக்கும். அகப்பட்டவனை நீக்கத் தேவையில்லை. அதன் அமைப்புகளுக்குள் போய்க் குறுக்குவிசையை மாற்றினாலோ வெறுமையாக்கினாலோ போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சோதனையின்போது கணினியை அணைத்துப் போடாமல் 'ரீஸ்டார்ட்' என்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் விரைவுத் தொடக்க வசதி இயங்கும்போது, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதியும் இயக்கிகளும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுந்து வரும். தினமும் அணைத்துத்தான் போடுகிறேன் என்பவரின் கணினி வாரக்கணக்கில் முழுதாகத் தூங்கி எழாமல் இருக்கக்கூடும்.

அந்தப் படிவ மென்பொருளுக்கு வருவோம். அதைத் திறக்கும்போது திரை மங்கி, 'இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா' என்ற பொருளில் ஒரு கேள்வி வருகிறதா? அல்லது அதன் சின்னத்தின் மூலையில் நீலமும் மஞ்சளுமான சிறு கேடயம் இருக்கிறதா? இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அது நிருவாகியின் அதிகாரத்தோடு ஓடுகிறது. உங்கள் தட்டச்சு மென்பொருள் சாதாரண அதிகாரத்தோடு ஓடுகிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, கீழ்நிலை அதிகாரத்தில் ஓடும் மென்பொருள், மேல்நிலை அதிகாரத்தில் ஓடும் சாளரத்தில் அடிக்கப்படும் விசைகளை ஒட்டுக்கேட்கவோ, அதற்குள் எழுத்துகளைத் திணிக்கவோ விண்டோஸ் அனுமதிப்பதில்லை. கடவுச்சொல் திருடும் தீய மென்பொருள்களுக்காகப் போட்ட வேலி அது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அதே வழியில் நடப்பதால் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறது. யார் மேலும் குற்றமில்லை.

வழி இரண்டு. படிவ மென்பொருளின் சின்னத்தில் வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில், நிருவாகியாக இயக்கு என்ற பொருளில் இருக்கும் கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். நிறுவ வந்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் குறியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எடுத்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் நன்றாகவே ஓடும், மின்கையொப்பம் வழக்கம்போல் இடப்படுகிறதா என்பதை மட்டும் ஒரு மாதிரிப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தால் அது ஓட மறுக்கிறது என்றால், தட்டச்சு மென்பொருளையும் நிருவாகியாகத் திறப்பது இரண்டாவது வழி. அப்போது இரண்டும் ஒரே நிலையில் இருப்பதால் தமிழ் வரும். ஆனால் கணினியில் அடிக்கப்படும் ஒவ்வொரு விசையையும் பார்க்கும் மென்பொருளுக்கு அவ்வளவு அதிகாரத்தை நிரந்தரமாகக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. எங்கிருந்தோ பென்டிரைவில் வந்த படி என்றால் கட்டாயம் கொடுக்க வேண்டாம். பெயரும் முகவரியும் மட்டும் தமிழில் தேவை என்றால், நோட்பேடில் அடித்து, வெட்டி ஒட்டிவிடுங்கள்.

இதே போன்ற, ஒரே இடத்தில் மட்டும் நிற்கும் வேறு சில கோளாறுகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரத்திலிருந்து கணக்கர் தொலைவிலிருந்தே உங்கள் கணினியைத் திறந்து வேலை செய்யும்போது, அவர் அழுத்தும் சில கூட்டுவிசைகள் அவருடைய கணினியிலேயே நின்றுவிடும். அது இணைப்பு மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. உலாவிக்குள் ஓடும் சில எழுதுகருவிகள், விசையின் இடத்தைப் பார்க்காமல் அதிலிருந்து வரும் எழுத்தைப் பார்ப்பதால், தமிழ் இயங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றில் குறுக்குவிசைகள் கேட்பதில்லை. ஆங்கிலத்துக்கு மாறி அழுத்தினால் கேட்கும். மடிக்கணினியில் எஃப்2, எஃப்5 போன்றவை ஒலியையும் ஒளியையும் கூட்டிக் குறைக்கத் தொடங்கிவிட்டால், பல மாதிரிகளில் எஃப்என் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் திரும்பிவிடும். எக்செலில் அம்பு விசை கட்டத்தை நகர்த்தாமல் தாளையே நகர்த்தினால் ஸ்க்ரோல் லாக் போட்டிருக்கிறது.

கடைசியாக விசைப்பலகை. புதியதை மாட்டியும் மாறவில்லை என்பதாலேயே உங்கள் கோளாறு அதில் இல்லை என்று தெளிவாகிவிட்டது. ஆனால் தீவுக்காரர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. பாம்பன் பாலத்தின் இரும்பை என்ன செய்கிறது என்று நாம் பார்த்திருக்கும் அதே காற்றுதான் கடைக்குள்ளும் வீசுகிறது. மலிவான விசைப்பலகைக்குள் இருப்பவை மூன்று நெகிழித் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும், நடுத்தாளில் துளைகள் இருக்கும். காற்றில் வரும் உப்புத்தூள், ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றின் நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். அந்தக் கரைசல் கோட்டை மெல்ல அரித்தால் சில விசைகள் கூட்டமாகச் சாகும்; இரண்டு கோடுகளுக்கிடையே பாலம் போட்டால் கண்ட்ரோலோ ஆல்ட்டோ அழுத்தாமலே அழுந்தியதாகக் கணினி எண்ணும். வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் காலையில் தொல்லை கொடுத்து, வெயில் ஏறி உலர்ந்ததும் சரியாகிவிடும் விசைப்பலகைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நேர்மாறாக, காலையில் சரியாகவும் பிற்பகலில் கோளாறாகவும் இருப்பது இது உப்பின் வேலையில்லை என்பதற்கு இன்னொரு சான்று.

உறுதி செய்ய விரும்பினால் விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; திரையில் ஒரு விசைப்பலகை தோன்றும். பழைய விசைப்பலகையை மாட்டி ஒவ்வொரு விசையாகத் தட்டினால், விண்டோஸுக்கு வந்து சேரும் விசை திரையில் ஒளிரும்; தொடாத விசை ஒளிர்ந்தபடி இருந்தால் உள்ளே ஈரம் பாலம் போட்டிருக்கிறது. யுஎஸ்பி முனையில் பச்சை பூத்திருந்தால், கைப்பேசி பழுது பார்க்கும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, முழுதாக உலர்ந்த பின் மாட்டுங்கள். தண்ணீர் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எல்லா விசையும் ஒளிர்ந்தால் அந்தப் பழைய விசைப்பலகை நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஒரு துணிப்பையில் போட்டுக் கதவோரம் இல்லாத அலமாரியில் வைத்துவிடுங்கள், புதியது போகும் நாளில் உதவும்.